கர்ப்பவேதனை: ஒரு வேதச் சொல்லும் அதன் பொருளும்

வேதபாடம்

வாசிக்கவேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 3:14-19, யோவான் 16:20-22, ரோமர் 8:18-27



நம் சபைகளில் அடிக்கடி காதில் விழும் சொற்களில் ஒன்று "கர்ப்பவேதனை". "ஆத்துமாக்களுக்காகக் கர்ப்பவேதனைப்படும் ஊழியர்கள் எழும்பவேண்டும்" என்று உபவாசக் கூட்டங்களில் ஜெபிக்கிறோம். "கடைசி நாட்களின் வேதனை தொடங்கிவிட்டது" என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். அதே நேரத்தில், மிஷன் மருத்துவமனையின் பிரசவ அறையில் அந்தச் சொல்லின் முதற்பொருள் இரவும் பகலும் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே யாரும் அதைக் கர்ப்பவேதனை என்று சொல்வதில்லை. "இடுப்பு வலி கண்டிருக்கிறது", "நோவு எடுத்துவிட்டது" என்றுதான் சொல்லுகிறார்கள்.

பிரசங்க பீடத்துச் சொல்லுக்கும் பிரசவ அறையின் வலிக்கும் என்ன தொடர்பு? வேதம் இந்த வலியைப் பாவத்தின் தண்டனை என்கிறதா? அப்படியானால் அதைத் தணிப்பது தேவசித்தத்துக்கு விரோதமா? இன்றைக்கும் கிராமங்களில், விசுவாசக் குடும்பங்களிலுங்கூட, "பெண்ணாய்ப் பிறந்தால் பட்டுத்தான் ஆகவேண்டும், ஏவாள் செய்த பாவம்" என்று சொல்லிக் காத்திருக்கிறவர்கள் உண்டு. காத்திருக்கும் அந்த மணிநேரங்கள் சில சமயங்களில் ஒரு தாயின் உயிரையே வாங்கிவிடுகின்றன. ஆகையால் இந்தச் சொல்லைச் சரியாய் அறிந்துகொள்வது வேத அறிவுக்கு மட்டும் உரிய காரியமல்ல.

1. தமிழில் இந்தச் சொல்

நாம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த வேதனைக்கு ஒரே பெயர் இல்லை. கலாத்தியர் 4:19-ல் அது "கர்ப்பவேதனை". ரோமர் 8:22-லும் வெளிப்படுத்தின விசேஷம் 12:2-லும் "பிரசவவேதனை". மத்தேயு 24:8-ல் வெறும் "வேதனை". கிரேக்க மூலத்திலோ இவை எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். "ஓதின்" என்பது பெயர்ச்சொல், "ஓதினோ" என்பது வினைச்சொல். பிள்ளை பெறும் வேளையில் விட்டுவிட்டு வரும் வலியையே அவை குறிக்கின்றன.

1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ரோமர் 8:22-ல் "பேறுகால வேதனை" என்கிறது. இது நல்ல தமிழ்ச்சொல். "பெறு" என்பதிலிருந்து வருவது "பேறு". பிள்ளைப்பேறு என்றால் பிரசவம். பெரும்பேறு என்றால் பெரிய பாக்கியம். பிரசவத்தையும் பாக்கியத்தையும் ஒரே வேரிலிருந்து சொல்லும் மொழி நம்முடையது. வேதனையைக் குறிக்கும் சொல்லை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு, பேற்றை மறந்துவிடக்கூடாது.

2. ஏவாளுக்குச் சொல்லப்பட்டது என்ன?

ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தைக் கவனமாய் வாசியுங்கள். "சபிக்கப்பட்ட" என்னும் தீர்ப்பு இரண்டு இடங்களில் வருகிறது. 14-ஆம் வசனத்தில் சர்ப்பம் சபிக்கப்படுகிறது. 17-ஆம் வசனத்தில் பூமி சபிக்கப்படுகிறது. ஸ்திரீ சபிக்கப்பட்டதாக அங்கே எழுதப்படவில்லை. அவளுடைய பிள்ளைப்பேறு சபிக்கப்பட்டதாகவும் எழுதப்படவில்லை. மாறாக, 15-ஆம் வசனத்தில் சர்ப்பத்தின் தலையை நசுக்கும் வித்து அவளிடத்திலிருந்தே வரும் என்ற வாக்குத்தத்தம் கொடுக்கப்படுகிறது. மீட்பின் முதல் நற்செய்தியே ஒரு பிரசவத்தைக் குறித்ததாய் இருக்கிறது.

அடுத்து 16-ஆம் வசனத்தில் ஸ்திரீயின் வேதனையைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அங்கே முதலில் வரும் எபிரெயச் சொல் "இட்சாபோன்". பழைய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் மூன்று முறைதான் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த மூன்று இடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆதியாகமம் 3:16-ல், ஏவாளுக்கு: வேதனை.
ஆதியாகமம் 3:17-ல், ஆதாமுக்கு: வருத்தம்.
ஆதியாகமம் 5:29-ல், லாமேக்கு தன் மகன் நோவாவுக்குப் பெயரிடும்போது: பிரயாசம்.

மூலத்தில் ஒரே சொல், தமிழில் மூன்று சொற்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கேற்ற பொருளைத் தந்திருக்கிறார்கள், அது தவறல்ல. ஆனாலும் ஸ்திரீக்கும் புருஷனுக்கும் சொல்லப்பட்டது ஒரே காரியம் என்பது நம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. அவன் வயலில் படும் பாடும், அவள் பிள்ளை பெறுவதில் படும் பாடும் ஒரே பெயருடையவை. 16-ஆம் வசனத்தின் பிற்பகுதியில் வரும் "எட்செவ்" என்னும் சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது. நீதிமொழிகள் 14:23-ல் அதே சொல் வருகிறது. அங்கே தமிழில் "பிரயாசம்" என்றே இருக்கிறது. அந்தப் பிரயாசத்தினால் பலன் உண்டு என்றும் சொல்லப்படுகிறது.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளுகிறோம்? முள்ளும் குருக்கும் முளைக்கும் என்று தேவன் சொன்னார் என்பதற்காக எந்த விசுவாசியும் களை பிடுங்காமல் இருப்பதில்லை. வியர்வை சிந்தித்தான் சாப்பிடவேண்டும் என்பதற்காக ஏர் பூட்டாமலும், பம்புசெட் வைக்காமலும் இருப்பதில்லை. ஆதாமின் வருத்தத்தைக் குறைக்க எல்லா வழியும் தேடுகிறோம். ஏவாளின் வேதனையை மட்டும் "அது தேவனுடைய தீர்ப்பு" என்று விட்டுவிடுவது நியாயமாகுமா?

3. 1847-ல் எழுந்த கேள்வி

இந்தக் கேள்வி புதியதல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 ஜனவரியில் பிரசவத்துக்கு ஈதரையும், அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபார்மையும் பயன்படுத்தினார். ஆதியாகமம் 3:16-ஐக் காட்டி, பிரசவ வலியை நீக்குவது வேதத்துக்கு விரோதம் என்று சிலர் சொன்னார்கள். அந்த எதிர்ப்பு பிற்காலத்துக் கதைகள் சொல்லும் அளவுக்குப் பெரிதாயிருக்கவில்லை. ஆயினும் சிம்ப்சன் அதை அலட்சியம் பண்ணவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மத சம்பந்தமான ஆட்சேபணைகளுக்குப் பதிலாக ஒரு சிறு நூலை வெளியிட்டார்.

அவர் சொன்ன பதில் ஒரு வேதபாடமாகவே இருந்தது. எபிரெயச் சொல்லை எடுத்து, அது உழைப்பையும் பிரயாசத்தையும் குறிக்கிறது என்று விளக்கினார். ஒரு தீர்ப்பை அப்படியே காக்கவேண்டுமானால் மற்றத் தீர்ப்பையும் காக்கவேண்டும். அப்பொழுது உழவன் களை பிடுங்குவதும் பாவமாகும் என்று காட்டினார். ஆதியாகமம் 2:21-ல் ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் தேவனே அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினார் என்பதையும் நினைப்பூட்டினார்.

1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணி தம் மகன் லியோபோல்ட் பிறந்த வேளையில் மருத்துவர் ஜான் ஸ்நோவிடம் குளோரோஃபார்ம் பெற்றுக்கொண்டார். அதற்குப் பின் ஆட்சேபணை வெகுவாய் அடங்கிப்போனது. அரண்மனையில் தீர்ந்த கேள்வி எளியவர்களின் வீட்டில் இன்னும் முழுவதும் தீரவில்லை என்பதே நம் கவலை.

4. தீர்க்கதரிசிகளின் வாயில்

பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகள் இந்தச் சொல்லைப் பலவிதமாய்ப் பயன்படுத்துகிறார்கள். அவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, திடீரென்று வரும் திகில். எரேமியா 4:31-ல் சீயோன் குமாரத்தி முதற்பிள்ளை பெறுகிறவளைப்போல் வியாகுலப்படுகிறாள். எரேமியா 30:6-ல் புருஷர்கள் எல்லாரும் பிள்ளை பெறுகிறவர்களைப்போல் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் "இடுப்பு வலி" என்று சொல்வதற்கு எவ்வளவு பொருத்தமான சித்திரம்!

இரண்டாவது, பெலனற்றுப்போன நிலை. அசீரியப் படை எருசலேமை நெருக்கினபோது எசேக்கியா ராஜா ஏசாயாவுக்குச் சொல்லியனுப்பின செய்தியை ஏசாயா 37:3-ல் காண்கிறோம். பிள்ளை பிறக்கும் தருணம் வந்துவிட்டது, பெறுவதற்கோ பெலனில்லை. மருத்துவர்கள் "தடைப்பட்ட பிரசவம்" என்று சொல்வதை ராஜா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வலி மட்டும் பிள்ளையைக் கொண்டுவந்துவிடாது என்பதை அந்த நாட்களிலும் அறிந்திருந்தார்கள். ஏசாயா 26:18 இன்னும் கசப்பானது. வேதனையெல்லாம் பட்டும், காற்றைப் பெற்றவர்களைப்போல் ஆனோம் என்று ஜனங்கள் புலம்புகிறார்கள்.

மூன்றாவது, தேவனுடைய சொந்த வேதனை. ஏசாயா 42:14-ல் வெகுகாலம் மவுனமாயிருந்த கர்த்தர், பிள்ளை பெறுகிறவளைப்போலச் சத்தமிடுவதாகத் தம்மைக் குறித்தே சொல்லுகிறார். சங்கீதம் 22:9-ல் அவர் தாயின் கர்ப்பத்திலிருந்து பிள்ளையை எடுக்கிறவர். அதாவது மருத்துவச்சியின் இடத்தில் நிற்கிறவர். ஏசாயா 66:9-ல் கர்ப்பத்தைத் திறக்கிற நானே பெறாதபடி அடைத்துவிடுவேனோ என்று கேட்கிறார். பிரசவ அறையின் இரண்டு இடங்களிலும் தேவன் தம்மை வைத்துப் பேசுகிறார். அவர் வேதனைப்படுகிற தாயாகவும் இருக்கிறார், கையில் ஏந்துகிற மருத்துவச்சியாகவும் இருக்கிறார். எட்டத்தில் நின்று தண்டனை கொடுக்கிறவராக அல்ல.

5. அப்போஸ்தலர்களின் வாயில்

"ஓதின்" என்னும் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில் வருகிறது. அவற்றில் மிக ஆச்சரியமான இடம் அப்போஸ்தலர் 2:24. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு ஆண்டவரின் உயிர்த்தெழுதலைப் பிரசங்கிக்கிறார். கிரேக்கத்தில் அங்கே இருப்பது "மரணத்தின் பிரசவவேதனைகளை அவிழ்த்து" என்பதாகும். வேதனையை எப்படி அவிழ்க்கமுடியும்?

விடை எபிரெயத்தில் இருக்கிறது. கயிற்றுக்கும் பிரசவவேதனைக்கும் எபிரெயத்தில் ஏறக்குறைய ஒரே எழுத்துக்களையுடைய சொற்கள் உண்டு. சங்கீதம் 18:4-ல் நம் தமிழ் வேதம் "மரணக்கட்டுகள்" என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தோ அதையே மரணத்தின் பிரசவவேதனைகள் என்று எடுத்துக்கொண்டது. பேதுருவின் வார்த்தையில் இரண்டு பொருளும் சேர்ந்து ஒலிக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பு அப்போஸ்தலர் 2:24-ல் "மரண உபாதியின் கட்டை" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உபாதி என்பது வேதனை. கட்டு என்பது கயிறு. இரண்டையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். கல்லறை அவரைப் பிடித்துவைக்கக் கூடாமற்போயிற்று. நிறைமாதமான கர்ப்பம் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாததுபோல, மரணம் அவரை வெளியே விடவேண்டியதாயிற்று. உயிர்த்தெழுந்தவரைக் கொலோசெயர் 1:18 மரித்தோரிலிருந்து எழுந்த முதற்பேறானவர் என்று அழைப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

மத்தேயு 24:8-லும் மாற்கு 13:8-லும் யுத்தங்களையும் பஞ்சங்களையும் பூமியதிர்ச்சிகளையும் சொல்லி, இவை வேதனைகளின் ஆரம்பம் என்கிறார் ஆண்டவர். தமிழில் "வேதனை" என்று மட்டும் இருப்பதால் இதைப் பயமுறுத்தலாகவே வாசிக்கிறோம். மூலத்தில் இருப்பது பிரசவவேதனை. முதல் வலி வந்தவுடன் பிள்ளை பிறந்துவிடாது. ஆனால் வலி வீணாகவும் வரவில்லை. ஆகையால் ஒவ்வொரு பூகம்பத்துக்கும் தேதி குறிக்கிறவர்களுக்குச் செவிகொடாமலும், நம்பிக்கையை விடாமலும் இருக்க இந்தச் சொல் நமக்கு உதவுகிறது. 1 தெசலோனிக்கேயர் 5:3 மட்டும் அந்த வலியின் சடிதியான வருகையை அழிவுக்கு உவமையாக்குகிறது. ஒரே சொல்லை வேதம் இரண்டு விதமாகவும் பயன்படுத்துகிறது. இடம் பார்த்துப் பொருள்கொள்ளவேண்டும்.

கலாத்தியர் 4:19-ல் பவுல் தம்மைப் பிரசவிக்கிற தாயாக வைத்துப் பேசுகிறார். அதிலும் "மறுபடியும்" என்கிறார். ஒருமுறை பெற்ற பிள்ளைகளுக்காக இரண்டாம் முறை வேதனை! எந்தத் தாயும் ஒரு பிள்ளையை இரண்டு முறை பெறுவதில்லை. கிறிஸ்து அவர்களிடத்தில் உருவாகுமளவும் அந்த வேதனை நீடிக்கிறது. ஊழியர்களுக்கு இந்த வசனத்தைச் சொல்லும்போது, அது சத்தமாய் ஜெபிப்பதை மட்டும் குறிக்கவில்லை என்பதை நினைக்கவேண்டும். பிறர் வளர்ந்து வரும்வரைக்கும் அவர்களைச் சுமப்பதையே அது குறிக்கிறது.

ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் உச்சத்துக்குப் போகிறது. சர்வ சிருஷ்டியும் சேர்ந்து வேதனைப்படுகிறது. அங்கே மூன்று பெருமூச்சுகள் உண்டு: 22-ல் சிருஷ்டி, 23-ல் நாம், 26-ல் ஆவியானவர். தமிழில் முதல் இரண்டும் தவிப்பு என்றும், மூன்றாவது பெருமூச்சு என்றும் இருக்கின்றன. கிரேக்கத்தில் மூன்றும் ஒரே வேர்ச்சொல். ஆவியானவர் நம் பலவீனங்களில் நமக்கு உதவிசெய்கிறவராக அங்கே நிற்கிறார். வேதனைப்படுகிறவள் தனியாய் விடப்படவில்லை என்பதே ரோமர் 8-ன் செய்தி.

6. ஆண்டவர் சொன்ன உவமை

யோவான் 16:21-ல் நம் ஆண்டவர் சிலுவைக்கு முந்தின இரவில் சீஷர்களுக்குப் பிரசவிக்கிற ஸ்திரீயைக் காட்டுகிறார். தமிழில் "பிரசவகாலம்" என்று இருக்கிற இடத்தில் மூலத்தில் "அவளுடைய வேளை" என்று இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தை வாசித்தவர்களுக்கு "வேளை" எவ்வளவு முக்கியமான சொல் என்பது தெரியும். கானா ஊர்க் கலியாணத்தில் தமது வேளை வரவில்லை என்றார் (2:4). கடைசி ஜெபத்தில் வேளை வந்தது என்றார் (17:1). தம்முடைய சிலுவையின் வேளைக்கும், ஒரு சாதாரணப் பெண் பிள்ளை பெறும் வேளைக்கும் ஒரே பெயர் இருப்பதை ஆண்டவர் குறைவாக எண்ணவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் துக்கம் உண்டு என்பதை அவர் மறைக்கவுமில்லை. "பொறுத்துக்கொள்" என்று கடிந்துகொள்ளவில்லை. அது தண்டனை என்றும் சொல்லவில்லை. அவளுடைய பாட்டை அவர் "உபத்திரவம்" என்கிறார். அதே சொல்லைத்தான் 33-ஆம் வசனத்தில் சீஷர்கள் உலகத்தில் படப்போகும் பாட்டுக்கும் பயன்படுத்துகிறார். பிரசவ வலியை விசுவாசிகளின் பாடுகளோடு ஒரே வரிசையில் வைத்தார் நம் கர்த்தர்.

7. மகிழ்ச்சியில் முடியாத வேதனை

இந்த இடத்தில் ஒரு எச்சரிப்பு தேவை. "வேதனைக்குப் பின் சந்தோஷம் வரும்" என்பது பொதுவாய் உண்மை. ஆனால் எல்லாப் பிரசவமும் அப்படி முடிவதில்லை. வேதம் இதை ஒளிக்கவில்லை. எப்பிராத்தா என்னும் பெத்லகேமுக்குப் போகும் வழியில் ராகேல் கடும் பிரசவவேதனைப்பட்டு மரித்தாள் (ஆதியாகமம் 35:16-20). பயப்படாதே, இதுவும் மகன்தான் என்று மருத்துவச்சி தேற்றினாள். அது அவளைக் காப்பாற்றவில்லை. அவள் பிள்ளைக்குத் துக்கத்தின் மகன் என்னும் பொருளில் பெனொனி என்று பேரிட்டாள். 1 சாமுவேல் 4-ல் பினெகாசின் மனைவிக்கும் இதுவே நேர்ந்தது. அருகில் நின்ற பெண்கள் அதேவிதமாய்த் தேற்றியும் அவள் செவிகொடுக்கவில்லை.

ஆகையால் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் யோவான் 16:21-ஐ எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அவளுக்கு ரோமர் 8:26 பொருந்தும். வார்த்தை இல்லாத இடத்தில் ஆவியானவரின் பெருமூச்சு உண்டு. பிள்ளையில்லாத சகோதரிக்கு ஏசாயா 54:1 உண்டு. பவுல் அதைக் கலாத்தியர் 4:27-ல் எடுத்துச் சொல்லுகிறார். கர்ப்பவேதனையே படாதவள் கெம்பீரிக்கும்படி அங்கே அழைக்கப்படுகிறாள். ஒரு சொல்லை நன்றாய் அறிவது என்பது, அதை எங்கே சொல்லக்கூடாது என்பதையும் அறிவதே.

8. மிஷன் மருத்துவமனையில் இந்தச் சொல்

1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, மிஷனெரி வீட்டின் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்த மருத்துவர் ஆணாகையால் அவரை அழைத்துப்போக அவர்கள் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. அவருடைய மகள் ஐடா ஸ்கடருக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்திருந்தார்கள். ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய் மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் இந்தியா வந்தார். 1902-ல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அவருக்கு முன்னரே, 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழரைத் தமிழிலேயே மருத்துவம் கற்கவைத்தார்; தமிழாக்கத்துக்கு அவர் தெரிந்தெடுத்த நூல்களில் பிரசவ வைத்தியமும் ஒன்று. இவர்களுக்கெல்லாம் பிரசவத்தில் பெண்கள் சாவது தேவசித்தமாகத் தோன்றவில்லை.

எசேக்கியா சொன்ன அந்த "பெலனில்லாத" நிலையை எப்படி முன்னமே அறிவது? அதற்கு "பார்ட்டோகிராஃப்" என்னும் வரைபடத் தாள் உதவுகிறது. வலி எத்தனை முறை வருகிறது, கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் இருதயத் துடிப்பு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் செவிலியர் அதில் மணிக்கணக்காய்க் குறிப்பார்கள். 1972-ல் இன்றைய ஜிம்பாப்வேயின் தலைநகரில் பணிசெய்த ஃபில்பாட், காஸில் என்னும் மருத்துவர்கள் இதில் எச்சரிக்கைக் கோடு, செயற்கோடு என்று இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். முதற்கோட்டைத் தாண்டினால் தொலைவிலுள்ள பிரசவ நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இதற்குப் பதிலாகப் புதிய தாள் ஒன்றை வெளியிட்டது. அதில் தாய்க்கு உடனிருக்கத் துணை உண்டா, வலி தணிப்புக் கொடுக்கப்பட்டதா, குடிக்கக் கொடுத்தார்களா என்று குறிப்பதற்கும் இடம் உண்டு. வேதனைப்படுகிறவள் தனியாய் விடப்படலாகாது என்பது இப்பொழுது மருத்துவத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது!

தடைப்பட்ட பிரசவம் நாட்கணக்கில் நீடித்தால், தாய் பிழைத்தாலும் குழந்தையின் தலை அழுத்தி உள்ளுறுப்புத் தசை அழுகி, சிறுநீர் ஓயாமல் ஒழுகும் நிலை உண்டாகும். 1959-ல் எத்தியோப்பியாவுக்குச் சென்ற மருத்துவத் தம்பதியர் ரெஜினால்ட், கேத்தரின் ஹாம்லின் அங்கே இப்படிப்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். 2020-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை கேத்தரின் அம்மையார் அந்த நாட்டிலேயே இருந்தார்.

1994-ல் ததேயுஸ், மெய்ன் என்னும் ஆய்வாளர்கள் தாய்மாரின் மரணத்துக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகக் காட்டினார்கள். மருத்துவமனைக்குப் போகத் தீர்மானிப்பதில் தாமதம், போய்ச்சேருவதில் தாமதம், சேர்ந்தபின் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவதுக்கு வாகனமும் சாலையும் தேவை. மூன்றாவதுக்கு இரத்தமும் மருந்தும் பயிற்சிபெற்ற கைகளும் தேவை. முதலாவதற்கோ நல்ல உபதேசமும் தேவை. "ஏவாளின் சாபம், பொறுத்துக்கொள்" என்னும் வார்த்தை அந்த முதல் தாமதத்தை நீட்டுகிறது.

இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03-ல் 301 தாய்மார் மரித்தார்கள். 2018-20-ல் அது 97 ஆகக் குறைந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் உலக முழுவதிலும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் மரித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ராகேலின் கல்லறைகள் இன்னும் தோண்டப்படுகின்றன.

9. நாம் செய்யக்கூடியது

அன்பான ஆதரவாளர்களே, நீங்கள் பிரசவ அறைக்கென்று அனுப்பும் காணிக்கை வேதத்துக்குப் புறம்பான "சமூக சேவை" அல்ல. பார்வோனுக்குப் பயப்படாமல் பிள்ளைகளை உயிரோடே காத்த சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகளின் பெயர்களை வேதம் எழுதிவைத்தது. அந்தப் பார்வோனின் பெயரையோ எழுதவில்லை (யாத்திராகமம் 1:15-21). தேவன் அவர்களுடைய குடும்பங்கள் தழைக்கும்படி செய்தார்.

உங்கள் சபையில் இந்த ஆண்டு ஒரு காரியத்தையாவது செய்யுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் ஆதியாகமம் 3-ஐ வாசித்து, ஸ்திரீ சபிக்கப்படவில்லை என்பதை விளக்குங்கள். கர்ப்பவதிகள் உள்ள வீடுகளில் எந்த மருத்துவமனை, எந்த வாகனம், இரத்தம் கொடுக்கக்கூடியவர் யார் என்பதை ஒன்பதாம் மாதத்துக்கு முன்னரே பேசி முடிவுசெய்ய உதவுங்கள். வெறும் சூட்டு வலி என்று வீட்டிலேயே தீர்த்துவிடாமல் செவிலியரிடம் காட்டச் சொல்லுங்கள். இரத்தப்போக்கு, வலிப்பு, கடுந்தலைவலி, பனிக்குடம் உடைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் ஒரு மணிநேரமும் காத்திருக்கவேண்டாம்.

சிந்தனைக்கு

1. ஆதியாகமம் 3-ல் எவை சபிக்கப்பட்டன? இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்லிவந்திருக்கிறார்கள்?
2. வேதனை, வருத்தம், பிரயாசம் ஆகிய மூன்றும் மூலத்தில் ஒரே சொல் என்பது கணவன் மனைவி ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையை எப்படி மாற்றவேண்டும்?
3. பிள்ளையை இழந்த தாயிடம் நாம் சொல்லக்கூடாத வார்த்தைகள் எவை?

ஜெபக் குறிப்புகள்

* இன்று இரவு வலி கண்டிருக்கும் தாய்மாருக்காகவும், தனியே இருக்கிறவர்களுக்காகவும்.
* இரவு முறையில் பணிசெய்யும் செவிலியர், மருத்துவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்காக.
* வெறுங்கையோடு வீடு திரும்பின பெற்றோருக்காக.
* மலைக் கிராமங்களிலும் தொலைதூர ஊர்களிலும் பணிசெய்யும் கிராமச் செவிலியர்களுக்காக.
* சர்வ சிருஷ்டியின் தவிப்புக்கும் முடிவுண்டாகி, தேவனுடைய பிள்ளைகளின் மகிமையான விடுதலை வெளிப்படும்படியாக.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.